கால் தரையில் படும்வரை

மணி நாலரைக்குக் கரும்பலகையில் ஐந்து வரிகள் இருந்தன. சாவியக்கா எழுதியது நாலுதான்.

அவள் மறுபடி எண்ணினாள். இரண்டாம் கட்டில், 5.10. ஆறாம் கட்டில், 5.30. பதினொன்று, 6.15. பதினான்கு, 7.00. மதியத்துக்கு மேல் வந்து படுத்தவர்கள் மேசையருகே நின்று தங்கள் ரயில் நேரத்தைச் சொல்ல, அவள் தன் கையால் எழுதியவை இந்த நாலும். ஐந்தாவது வரி எல்லாவற்றுக்கும் கீழே, மரச்சட்டத்தை ஒட்டி இருந்தது. ஒன்பது, 5.40.

எழுத்தும் அவளுடையதுதான். நாலு எழுதும்போது தலையை மூடாமல் விட்டுவிடுவது அவளுக்குச் சின்ன வயதுப் பழக்கம். இந்த நாலுக்கும் தலை திறந்தே இருந்தது.

ஒன்பதாம் கட்டில் காலி. பதினெட்டு நாளாகக் காலி. கூட்டம் நெரிந்த நாளில்கூட "அதுல கம்பி உடைஞ்சிருக்கு" என்று சொல்லி அவள் யாரையும் அதில் விடவில்லை.

ஈரத்துணியை எடுத்து அழுத்தித் துடைத்தாள். போயிற்று. பழைய சாக்பீஸ் தடம் காயும்போது சில சமயம் திரும்ப வெளுத்துத் தெரியும், இதுவும் அதுதான் என்று சொல்லிக்கொண்டாள். இந்தப் பதினெட்டு நாளும் அந்தப் பலகையைத் தினம் இரண்டு வேளை கழுவியதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

பெண்கள் ஓய்வுக்கூடம் நடைமேடைகளுக்கு அடியில் இருந்தது. மேலே ஊரே ஓடிக்கொண்டிருக்கும். டிக்கெட் வரிசையின் கூச்சல், நகரும் படிக்கட்டின் முனகல், ஒன்று முடியும் முன் அடுத்தது தொடங்கும் அறிவிப்புகள், சக்கரம் வைத்த பெட்டிகள் கல்தரையில் கடகடத்துப் போவது எல்லாம் கூரை வழியாகக் கஞ்சி வடிவது போல் கீழே இறங்கி, பதினாறு இரும்புக் கட்டில்களின் மேலும் வெள்ளைப் போர்வைகளின் மேலும் ஒரே இரைச்சலாகப் படிந்து கிடக்கும். சன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் மூன்று மங்கல் விளக்குதான். ரயில் தலைக்கு மேல் போகும்போது கட்டில் கம்பிகள் எல்லாம் குளிரில் பல் அடித்துக்கொள்வது போல் நடுங்கும். கதவு ஒரு கோடியில். மேசை, பலகை, அவளுடைய உயர முக்காலி எல்லாம் மறு கோடியில். அங்கே உட்கார்ந்தால் பதினாறு கட்டிலும் கதவும் ஒரே பார்வையில் தெரியும்.

எழுப்பிவிடுவதுதான் அவள் வேலை. ரயிலுக்கு அரை மணி முன்னால் போக வேண்டும். ஆளைத் தொடக்கூடாது. கட்டிலின் இரும்புக்காலில் சாவிக்கொத்தால் மூன்று தட்டு. ரயில் நேரத்தைச் சொல்ல வேண்டும். பிறகு, "காலைக் கீழ வைங்க." கால் தரையில் பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பலகையில் வரியை அழிக்கலாம். ஏனென்றால் தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே "எழுந்துட்டேன்" என்பார்கள். சாவியக்கா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்: "வாய் பொய் சொல்லும். கால் சொல்லாது."

சுத்தம் செய்கிற பினாயிலம்மா வாளியோடு வந்து நின்றாள்.

"என்னக்கா, பலகை ஏதாவது எதிர்த்துப் பேசுச்சா? இப்படி முறைக்கிறீங்க."

"ஒன்பதுன்னு நீ எதாவது எழுதினியா?"

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் கக்கூஸ் கழுவுறேன்? டிக்கெட் கவுன்டர்ல உக்காந்து எல்லாரையும் திட்டிக்கிட்டு இருக்க மாட்டேனா?" பினாயிலம்மா மூக்கை உறிஞ்சினாள். "சாக்கடை எங்கயோ அடைச்சிருக்கு போல. மீன் தொட்டி கழுவின தண்ணி மாதிரி வாடை."

சாவியக்கா பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வாடை காலையிலிருந்தே அவளுக்கு அடித்துக்கொண்டிருந்தது. தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். அப்படி இருந்தால் தேவலை என்றும் நினைத்திருந்தாள்.

நாலு நாற்பதுக்கு இரண்டாம் கட்டிலை எழுப்பினாள். மூன்று தட்டு. "அஞ்சு பத்து வண்டி. காலைக் கீழ வைங்க." இரண்டு கால்கள் போர்வைக்குள்ளிருந்து வந்து செருப்பைத் தேடின. வரியை அழித்தாள். இவ்வளவுதான் வேலை. இதில் என்ன தப்பு நடந்துவிட முடியும்.

அப்போது நிலையத்தின் துணை அதிகாரி வந்தார். பெண்கள் கூடம் என்பதால் வாசற்படியிலேயே நின்று, கையில் இருந்த தாளை ஆட்டினார். அவள் நடந்து போனாள். ஒன்பதாம் கட்டிலைக் கடக்கும்போது தலையைத் திருப்பவில்லை.

"கையெழுத்துப் போட்டுடுங்க. ஆறு மணிக்கு ஃபைல் மேல போயிடும், அதோட முடிஞ்சிது." குரலைத் தாழ்த்தினார். "அந்த ஒன்பதாம் கட்டில் பொண்ணோட அண்ணன் வந்திருக்கான். மூணாவது தடவை. ஒரு வார்த்தை நீங்களே சொல்லிடுங்க. ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கை வாங்கியிருக்கீங்க, உளறி வைக்காதீங்க."

தாளில் இரண்டே வரி. மேற்படி பயணி தன்னை எழுப்பும்படி கேட்கவில்லை. பலகையில் அவர் கட்டிலுக்குப் பதிவு ஏதும் இருக்கவில்லை.

பதினெட்டு நாளுக்கு முன்னால் மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்தாள் அந்தப் பெண். முப்பது வயது இருக்கும். நீலப் பை ஒன்று, வீங்கிய கண் இரண்டு. ஐந்து நாற்பது வரை என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிலில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். பார்க்கவே எரிச்சலாக இருந்தது. கதவுக்கு வெளியே, "நடந்து போகும் தூரத்தில்" என்று தலைப்பிட்டு ஒரு வரைபடம் மாட்டியிருக்கிறது. கடிகார அருங்காட்சியகம், ஏரிப் பூங்கா, மீன் காட்சியகம், நடுவில் "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" என்று ஒரு சிவப்புப் பொட்டு. சாவியக்காதான் சொன்னாள்: "சும்மா உக்காந்து யோசிச்சா தலைதான் வலிக்கும். மீனைப் பாத்துட்டு வாங்க. அது பாட்டுக்கு நீந்தும், நம்மளை ஒண்ணும் கேக்காது."

போனாள். மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தாள். வலது புறங்கையை நீட்டினாள். நுழைவுக்காகக் குத்தியிருந்த நீல மை முத்திரை. குட்டி மீன்.

"பாருங்கக்கா. கழுவினாலும் ரெண்டு நாளைக்குப் போகாதாம். எங்க அண்ணன் பொண்ணுகிட்ட காட்டணும்." பிறகு, "நல்லாத் தூங்கி நாலு நாள் ஆச்சு. கட்டாயம் எழுப்பிடுங்கக்கா. இந்த வண்டிய விட்டா, விட்டுட்டு வந்த வீட்டுக்கே திரும்பிப் போறதைத் தவிர எனக்கு வேற இடமில்லை."

ஒன்பது, 5.40 என்று சாவியக்கா எழுதினாள்.

ஐந்து பத்துக்கு மூன்று தட்டும் தட்டினாள். போர்வைக்குள்ளிருந்து "ம்ம்" என்று வந்தது. காலைக் கீழ வைங்க என்று சொல்ல வாயெடுத்தபோது கைப்பேசி துடித்தது. வீட்டிலிருந்து சின்ன மகள். கூடத்துக்குள் சிக்னல் கிடைக்காது. "ம்ம்"மையே எழுந்ததாக எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் வரியை அழித்துவிட்டு வெளியே போனாள். குக்கர் வெயிட்டைக் காணோம், எங்கம்மா வச்சே. பெரியவள் எடுத்தாளா, அப்பா எடுத்தாரா, பாத்திரக் கூடையில் பார், அடுப்புக்குக் கீழே பார். பதினோரு நிமிடம். பிறகு ஒரு டீ. வெயிட் கடைசியில் குக்கருக்குள்ளேயே கிடந்தது.

அவள் டீக்கடையில் நிற்கும்போதுதான் அந்தப் பெண் அவளைத் தாண்டி ஓடினாள். பை தோளில் நழுவ, தலை கலைந்து, ஒரு செருப்பு மாட்டியும் மாட்டாமலும். மேம்பாலத்தில் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. நடைமேடையின் கோடிக்கு ஓடித் தண்டவாளத்தில் இறங்கினாள். 5.40 நின்றிருந்தது அடுத்த மேடையில். நடுப்பாதையில் வந்தது வேறு வண்டி. "கால் ரெண்டையும் தனியாத் தேடி எடுத்தோம்" என்று போர்ட்டர் ஒருவன் அன்று சொல்லத் தொடங்கியபோது சாவியக்கா கையை ஓங்கி அவனை நிறுத்தினாள்.

பலகையில் வரி இல்லை. அழித்தது அவளுக்கு மட்டும் தெரியும். கேட்டவர்களிடம் பலகையைக் காட்டினாள்.

அண்ணன்காரன் வரைபடத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது.

"அவ வீட்டுக்காரரோட ஒத்துப்போகல. அன்னிக்குக் காலையில போன் பண்ணா, கிளம்பி வரேன்னா. கொஞ்ச நாள் பொறுத்துக்கோம்மான்னேன். அவ்வளவுதாங்க சொன்னேன்." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சாவிக்கொத்தைப் பார்த்தான். "அண்ணனே வேண்டாம்னுட்டான், அதான் அவ ரயில்ல போய் விழுந்துட்டாள்னு எல்லாரும் பேசுறாங்க. எழுப்பச் சொல்லிட்டுப் படுத்தவ எதுக்குங்க சாகப் போறா? நான் யார்மேலயும் புகார் குடுக்க வரல. எழுப்பச் சொன்னாளா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க. நான் தூங்கணும்."

அவன் தூங்குவதா, தன் வீட்டில் அடுப்பு எரிவதா. பெரியவளுக்கு இன்னும் ஒரு வருடம் படிப்பு. வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து உட்கார்ந்த பிறகு வீட்டில் சம்பாதிப்பது இந்தச் சாவிக்கொத்து ஒன்றுதான்.

"இல்லைங்க," என்றாள். "எழுப்பச் சொல்லல."

அவன் தலையை ஆட்டினான். நெடுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு படியேறினான்.

அவள் கதவு நிலையில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். துணை அதிகாரி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். தலைக்கு மேல் ஒரு ரயில் கடந்தது. கட்டில்கள் நடுங்கின. அவள் திரும்பினாள்.

ஒன்பதாம் கட்டிலில் ஆள் படுத்திருந்தது.

தலை முதல் போர்த்திய வெள்ளைப் போர்வை. சுவரைப் பார்த்து ஒருக்களித்த முதுகு. மூச்சுக்கு மூச்சு துணி ஏறி இறங்கியது.

யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். நான் பேசிக்கொண்டிருந்தபோது வந்து படுத்திருக்கிறார்கள். அப்படித்தான் நினைத்தாள். இருப்பதே ஒரு கதவு, அதை அடைத்துக்கொண்டு நின்றது தான்தான் என்ற நினைப்பு இரண்டடி பின்னால் வந்தது. கழிப்பறையிலிருந்து வந்திருக்கலாம். மதியமே வந்து யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கலாம். சுவரோரமாக நடந்து மேசைக்கு வந்தாள்.

பலகையில் ஒன்பது, 5.40. இந்த முறை வெளுத்த தடம் இல்லை. பருமனான, புத்தம்புது எழுத்து. சாக்பீஸ் பொடி இன்னும் சட்டத்தின் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது.

மணி ஐந்து. ஆறாம் கட்டிலை எழுப்பியாக வேண்டும். அது ஒன்பதுக்கு எதிர் வரிசையில். அந்தக் கட்டிலில் இருந்த பருத்த அம்மாள் உடனே எழுந்து கால்களைக் கீழே வைத்தாள். தூங்காத முகம்.

"எங்கம்மா தூங்க விட்டாங்க?" என்றாள், முகவாயால் ஒன்பதைக் காட்டி. "ரெண்டு மணிக்குப் படுத்தேன். அப்போ புடிச்சு, மணி என்ன, மணி என்னன்னு ஒரே பாட்டு. நானும் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அந்தம்மாவை மொதல்ல எழுப்பி அனுப்புங்க. அது என்ன வாடை, மீன் விக்கிறவங்களா?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பினாயிலம்மா வாளியோடு அவள் பின்னாலேயே படியேறினாள். "பினாயிலு" என்று கூப்பிட நினைத்தாள் சாவியக்கா. வாளியின் கைப்பிடி கிரீச்சிடுவது படிப்படியாக மேலே போய், இரைச்சலில் கரைந்தது.

இனி கூடத்தில் மூன்று பேர். பதினொன்றில் ஒரு கிழவி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். பதினான்கில் ஒரு பெண், காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு படுத்தவள்.

ஒன்பதில்.

போய்விடலாம். கதவைத் திறந்துகொண்டு மேலே, வெளிச்சத்துக்கு, கூட்டத்துக்குள் ஓடிவிடலாம். ஆனால் படுத்திருப்பது நிஜமான பயணியாக இருந்தால்? மறதியில் வரியைத் தானே எழுதியிருந்தால்? இன்னொருத்தி வண்டியை விட்டால் மூன்றாவது எச்சரிக்கை கிடையாது, வீடுதான். பலகையில் எழுதியிருக்கிறது. எழுதியிருந்தால் எழுப்ப வேண்டும்.

ஐந்து பத்து.

அவள் நடந்தாள். நாலு கட்டில் தூரம். ஒவ்வொரு அடிக்கும் வாடை கெட்டியாகிக்கொண்டே வந்தது. பாசி பிடித்த கண்ணாடி, தேங்கிய உப்புத்தண்ணீர், அதற்கும் அடியில் ரயில் சக்கரம் தேய்ந்தால் வருகிற சுட்ட இரும்பு. கிழவியின் குறட்டை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மேலே அறிவிப்புக்காரி ஏதோ சொன்னாள். ஐந்து நாற்பது என்பது மட்டும் காதில் விழுந்தது.

மூன்று தட்டு.

"ம்ம்."

அதே "ம்ம்." அதே இழுப்பு. கனவின் நடுவில் யாருக்கோ சம்மதம் சொல்வது போல.

"அஞ்சு நாப்பது வண்டி," என்றாள். குரல் அவளுடையது போல் இல்லை. "எழுந்திரிங்க."

"எழுந்துட்டேன்கா."

போர்வை அசையவில்லை. மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. இப்படியே திரும்பிப் போகலாம். போன முறை போனது போல. ஆனால் அவள் வாய் பதினோரு வருடப் பழக்கத்தில் தானாகவே திறந்தது.

"காலைக் கீழ வைங்க."

மூச்சு நின்றது.

போர்வை மெல்ல அவள் பக்கம் திரும்பியது. தோள் தெரிந்தது. இடுப்பு தெரிந்தது. தொடை தெரிந்தது. அதற்குக் கீழே போர்வை தட்டையாக இருந்தது. ஆள் படுக்காத கட்டிலில் விரித்தது போல, ஒரு சுருக்கம் இல்லாமல், கட்டிலின் கோடி வரை.

சாவிக்கொத்து கீழே விழுந்தது.

போர்வையின் ஓரம் மேலெழுந்தது. ஒரு கை வெளியே வந்தது. காற்றில் துழாவியது. தரையைக் கண்டது. உள்ளங்கையை அழுத்தி ஊன்றியது. பிறகு இன்னொரு கை. வலது கை. ஈரமாக இருந்தது. புறங்கையில் நீல மீன். கழுவினாலும் போகாத மீன்.

விரல்கள் நகர்ந்து சாவிக்கொத்தைத் தொட்டன.

சாவியக்கா பின்னால் நடந்தாள். திரும்பி ஓட முடியவில்லை. முதுகைக் காட்ட முடியவில்லை. கதவு அந்தப் பக்கம். ஒன்பது நடுவில். இடுப்பு மேசையில் இடித்தது. முக்காலியில் ஏறினாள். எப்படி ஏறினாள் என்று தெரியாது.

போர்வை நழுவித் தரையில் விழுந்தது. கட்டில் காலியாக இருந்தது.

பிறகு கட்டில்களுக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம். உள்ளங்கை தரையில் படுகிற சத்தம். தப். பின்னால் கனமான எதையோ இழுக்கிற சத்தம். ஒரு நிறுத்தம். தப். சாவிகள் கிலுங்கின.

பதினொன்றின் அடியில்.

பதின்மூன்றின் அடியில்.

அவள் இரண்டு கால்களையும் தூக்கி முக்காலியின் மேல் வைத்துக்கொண்டாள். முழங்கால்களைக் கட்டிக்கொண்டாள். பாதத்தின் விரல்களைக்கூட உள்ளே மடக்கிக்கொண்டாள்.

"சொன்னே," என்றாள். "நீ எழுப்பச் சொன்னே. எழுதினேன். நான்தான் அழிச்சேன். உங்க அண்ணன்கிட்ட சொல்றேன். இப்பவே போய்ச் சொல்றேன். நான்தான்..."

ஐந்து நாற்பது தலைக்கு மேல் வந்து நின்றது. பதினாறு கட்டிலும் நடுங்கின. அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. விளக்குகள் மூன்றும் மங்கி, மறுபடி எரிந்தன. பதினான்கில் படுத்தவள் புரண்டு படுத்து, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

பிறகு அமைதி.

மேசைக்கு அடியில் இருட்டாக இருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. உப்புத்தண்ணீர் வாடை நேர்க்கீழே இருந்து எழும்பி வந்தது.

முக்காலியின் இரும்புக்காலில் சாவி பட்டது. ஒரு தட்டு. இரண்டு. மூன்று.

"அக்கா," என்றது அந்தக் குரல், யாருடைய தூக்கத்தையும் கெடுக்காத மாதிரி, மெதுவாக. "காலைக் கீழ வைங்க."